காற்றுப் படாத மண்

எங்கள் தெருவில் அவருக்குக் கத்தரிக்காய் என்று பெயர். வைத்தவர் யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனால் காரணத்தை யாரும் கேட்டதில்லை, அவர் கையை நீட்டினாலே தெரிந்துவிடும். வேலைக்குக் கிளம்பும்போது விரல்கள் பழுப்பாக இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது ஊதாவாக இருக்கும். அந்த ஊதா காய்ந்து மறுநாள் காலைக்குள் மறுபடி பழுப்பாகிவிடும். கையுறை கொடுப்பதில்லையா என்று கேட்டால், "கொடுக்கறாங்க. எந்தக் கையுறையிலயும் ஒரு ஓட்டை இருக்கும், அது என் விரலுக்கு நேராத்தான் இருக்கும்" என்பார்.

அவர் மனைவி எலுமிச்சை மூடியை வைத்து அவர் விரல்களைத் தேய்ப்பதை எதிர் வீட்டிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறேன். பாத்திரம் துலக்குகிற வேகத்தில்தான் தேய்ப்பார். "ஊர் நிலத்துல இருக்கிற கறையப் போக்கறாராம், கறைய! சட்டையைப் பாரு. இதைத் துவைக்கத் தனியா ஒரு ஆள் போடணும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். கத்தரிக்காய் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையை நீட்டியபடி சிரிப்பார்.

தெருவின் மேட்டுப் பக்கத்து முனையில் ஒரு சலவைக்கூடம் இருந்தது. தண்ணீர் இல்லாமல், ஏதோ ஒரு திரவத்தில் முக்கி உயர்ந்த துணிகளை வெளுக்கும் இடம். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு சூட்டையோ குளிருக்கு எடுத்த கம்பளியையோ அங்கே கொடுத்து வாங்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. துணி அத்தனை சுத்தமாகத் திரும்பி வரும், முகர்ந்து பார்த்தால் லேசாக இனிக்கும். சலவைக்கூடம் மூடிப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தத் திரவம் தரை விரிசல் வழியே சொட்டிச் சொட்டிக் கீழே இறங்கியிருக்கிறது. தண்ணீரைவிடக் கனமானது, நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நிலத்தடி நீரோடு சரிவைப் பார்த்து நகர்ந்தது. எங்கள் துணிகளை விட்டுப் போன கறைகள் வெகு தூரம் போய்விடவில்லை. எங்கள் காலடியிலேயே இருந்தன.

அதிகாரிகள் வீடு வீடாக வந்து கிணறுகளை மூடினார்கள். இரும்பு மூடி, அதன்மேல் கம்பி, கம்பியில் ஈய முத்திரை. சரிவின் கடைசியில் இருந்த கிணறு கத்தரிக்காயின் அக்காவுடையது.

அக்கா நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் வீட்டுக் கொல்லை முழுவதையும் பாத்தியாக மாற்றிக்கொண்டவர். தக்காளி, மிளகாய், பூச்செடி என்று தட்டுத் தட்டாக நாற்று விட்டு விற்பார். குரல் பெரிது. செடிகளோடு பேசுவார், திட்டுவதும் உண்டு. கிணறு மூடிய பிறகு குழாய்த் தண்ணீரில் பாதி நாற்றுகூடத் தேறவில்லை, வந்த தண்ணீரும் போதவில்லை. அடுத்த விதைப்புக்குள் கிணறு திறக்காவிட்டால் பண்ணையை இழுத்து மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று முடிவாகியிருந்தது. மகள் நல்லவள், அறையும் ஒதுக்கி வைத்திருந்தாள். அக்காவுக்கு அந்த அறையை நினைத்தாலே மூச்சு முட்டியது.

"மக வீட்டு மூலையில உக்காந்து டிவி பாக்கச் சொல்றியாடா? அதுக்கு என்னையும் ஒரு தட்டுல நட்டு வெச்சிடு."

கத்தரிக்காய் அந்த வேலைக்குப் போனதே அக்காவுக்காகத்தான். அதற்கு முன்னால் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் போடும்முன் மண்ணைத் துளையிட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். நிலத்தைச் சுத்தப்படுத்த ஒரு கம்பெனி வந்து சலவைக்கூடத்தில் கொட்டகை போட்டதும், துளையிடத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். இவர் போய் நின்றார்.

வேலை கேட்பதற்கு எளிது. மெல்லிய இரும்புக் குழாய்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். பெர்மாங்கனேட் என்ற ஊதா மருந்தைத் தொட்டியில் கரைத்து அந்தக் குழாய்கள் வழியே உள்ளே செலுத்த வேண்டும். ஊதா நீர் போய்ச் சலவைத் திரவத்தைத் தொட்ட இடத்தில் அதை உடைத்துவிடும். உடைக்க எதுவும் மிச்சமில்லாவிட்டால், ஊதாவாகவே மேலும் நகரும். சலவைக்கூடத்துக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு காவல் கிணறு தோண்டியிருந்தார்கள். அதில் ஊதா எட்டிப் பார்த்தால் வேலை நல்லபடி நடக்கிறது என்று அர்த்தம்.

"உன் பக்கம் ஊதா வரும்க்கா. வந்து, வெளுத்துப் போயிடும். அப்புறம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். நான் சொல்றேன் பாரு" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா விதைக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

தினமும் காலையில் காவல் கிணற்றிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் எடுத்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். புட்டிக்குள் வானம்தான் தெரியும். வாரங்கள் போயின. தொட்டி தொட்டியாக உள்ளே போன ஊதா எங்கே போனது என்று தெரியவில்லை.

கொட்டகையின் ஒரு தடுப்பறையில் நிலவியல் படித்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு மருந்து, எங்கே, எப்போது என்று கணக்குப் போடுவது அவர் பொறுப்பு. எல்லோருக்கும் மேடம். வயதில் கத்தரிக்காயைவிடச் சின்னவர், அவரை அண்ணே என்று கூப்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அவரை உள்ளே அழைத்தார்.

"உக்காருங்கண்ணே."

"நின்னே கேக்கறேன் மேடம். நான் உக்காந்தா நாற்காலிக்கும் ஒரு பட்டப்பேரு வந்துடும்."

மேடம் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. மேசைமேல் ஒரு கிண்ணத்தில் கறுப்பும் பழுப்புமாகக் குழம்பிய சேறு இருந்தது. முந்தின நாள் கழற்றிய குழாயின் நுனியில் அடைத்துக்கொண்டிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"மருந்து செத்தா இப்படித்தான் ஆகும். என் கையில தினம் சாகுதே."

"ஆமா. ஆனா குழாய் வாசல்லயே செத்திருக்கு. யாரு கொன்னதுன்னுதான் கேள்வி." மேடம் பேனாவை உருட்டினார். "மண்ணுக்குள்ள இரும்பு ரெண்டு விதமா இருக்கும்ணே. ஏற்கனவே காத்துப் பட்டுத் துருப்பிடிச்சு அடங்கினது ஒண்ணு. அது பழுப்பு, நம்ம மருந்தக் கண்டுக்காது. இன்னொண்ணு காத்தே படாத ஆழத்துல கந்தகத்தோட ஒட்டிக்கிட்டு, சாம்பல் களிமண்ணுக்குள்ள மினுமினுன்னு கிடக்கும். அதுக்கு அகோரப் பசி. மருந்து வந்தா பந்திக்கு முந்தி உக்காந்துக்கும். சலவைத் திரவம் கடைசி வரிசையில நிக்கும், அதுக்கு ஒண்ணுமே மிஞ்சாது."

"அப்ப அதுக்கும் சேத்துப் போட்டுட்டாப் போச்சு."

"அங்கதான் வம்பு. அந்த மினுமினுப்புக்குள்ள ஆர்செனிக் பூட்டிக் கிடக்கலாம். நாம ஊத்த ஊத்த அது உடையும், தண்ணி புளிக்கும், பூட்டு திறந்துக்கும். ஒரு விஷத்தத் துரத்தப் போய் இன்னொண்ணத் தட்டி எழுப்பின கதைதான். தண்ணி எந்தப் பக்கம் இறங்குதுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்."

கத்தரிக்காய் கிண்ணத்துச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆய்வுக்கூடம் பழுப்பு மண்ணு, மருந்தக் கொஞ்சமாத்தான் குடிக்கும்னு சொல்லிச்சு. அதை வெச்சுத்தான் அளவு போட்டேன். மேலாளர் என்ன சொல்றார்னா, பழுப்பு மண்ணுன்னா மருந்து வேற பக்கமா ஒழுகியிருக்கு, திங்கக்கிழமை ரெண்டு பங்கா ஊத்துங்கறார். மறுபடி மண்ணெடுக்க இயந்திரம் வரணும், தாமதமாகும், வேண்டாம்ங்கறார்." மேடம் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு மண்ணெடுத்தது நீங்க. குழாய் வெளிய வந்தப்ப மண்ணு என்ன நிறம்ணே?"

"பழுப்புதான் மேடம்" என்றார் கத்தரிக்காய்.

அவர் கண்ணுக்குள் சாம்பல் நிறம் நின்றது. முதல் முறை மண்ணெடுத்த அன்று குழாய்க்குள் வந்தது நனைந்த சாம்பல் நிறக் களி. வெயிலில் திருப்பினால் பொடிப் பொடியாக மின்னியது, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஆய்வுக்கூடத்துக்குத் தொடர் விடுமுறை. குழாயின் இரண்டு முனைகளையும் மூடி, மெழுகு வைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அஸ்திவார வேலையில் கை பழகியது வேறு விதம். அங்கே மண்ணைக் குழாயிலிருந்து தள்ளி, நீளவாக்கில் பிளந்து, தட்டில் வரிசையாக அடுக்கி உலர்த்துவார்கள். அதில் இவருக்கு நல்ல பெயர். கொட்டகையின் சாமான் அறைக்காரர் வேறு "யோவ், என்ன செத்த எலியைக் கொண்டாந்து வெச்சிருக்க?" என்று மூக்கைப் பிடித்தார். நாற்றம் போகட்டும் என்று கத்தரிக்காய் மண்ணைப் பிளந்து, தட்டில் அடுக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டார். விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது களி செங்கல் தூள்போல் பழுப்பாகியிருந்தது. நாற்றமும் இல்லை. "மண்ணுக்கும் லீவு விட்டா நிறம் வந்துடுது" என்று சொல்லிச் சிரித்தபடி பைகளில் கட்டி அனுப்பினார்.

அந்த மண் தன் பசியைத் தட்டிலேயே, சும்மா காற்றைத் தின்றே தீர்த்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் பெர்மாங்கனேட்டை ஊற்றியபோது அதற்கு வயிறு நிறைந்திருந்தது. மேடம் பேசப் பேச இது அவருக்குப் புரிந்துகொண்டே வந்தது. சாம்பல் என்று சொன்னால் வேலை நிற்கும், முதலிலிருந்து தொடங்குவார்கள். விதைப்பு போய்விடும். அக்கா போய்விடுவாள். பழுப்பு என்ற சொல் அதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஆழத்துக் களி ஒட்டியிருந்த குழாய்களைத் துடைத்து வைத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். படியில் பூட்ஸைக் கழற்றிப் போட்டபோது அடியிலிருந்து மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"வாடா கத்தரிக்கா. உள்ள வரும்போதே உரம் போட்டுக்கிட்டு வர்றியா?" என்றார் அக்கா. காலியான நாற்றுத் தட்டுகளைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கொல்லை முழுவதும் தட்டுகள். கிணற்றுக்கு நேராகப் புது ரப்பர்க் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது.

"எதுக்குக்கா இதெல்லாம் இப்பவே?"

"நீதானே சொன்ன, ஊதா வரும், போயிடும்னு. வந்துச்சா?"

"திங்கக்கிழமை ரெண்டு பங்கா ஊத்தறாங்க."

"அப்படிப் போடு!" அக்கா ஈரக் கையால் அவர் முதுகில் ஒன்று வைத்தார். "உன்னை மாதிரி அம்மா இன்னொரு பிள்ளையும் பெத்திருக்கலாம்."

அவர் பகல் முழுவதும் தட்டு அடுக்கினார், பலகை சரிசெய்தார். வெயில் சாயத் தொடங்கியபோது அக்கா படியைப் பெருக்கப் போனார். துடைப்பம் பாதியில் நின்றது.

"டேய், இங்க வா. காலையில இது சிமெண்டு மாதிரி சாம்பலா விழுந்துச்சு. இப்பப் பாரு, துரு மாதிரி ஆயிருக்கு. எந்த ஊரு மண்ணுடா இது, பச்சோந்தி மாதிரி நிறம் மாத்துது?"

கத்தரிக்காய் வந்து பார்த்தார். குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். வெளியே பழுப்பு, உள்ளே இன்னும் கொஞ்சம் சாம்பல். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே, பூட்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். அக்கா துடைப்பத்தை ஊன்றியபடி கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்ப சொல்லாதே."

"அக்கா..."

"சொல்லாதேன்னா சொல்லாதே. ஊத்தட்டும். ஊதா வரட்டும். முத்திரையை உடைக்கட்டும். என் செடிதானே குடிக்கப்போகுது, நானா குடிக்கிறேன்?"

"வேலை செய்யும்போது குழாயத் திருப்பி வாயில வெச்சுக் குடிக்கிறது யாரு? நானா?"

"வெச்சுக்கல. போதுமா? சத்தியம் பண்ணட்டா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "அந்த விஷம் இருக்குன்னே உங்க மேடத்துக்குத் தெரியாது. இருக்கலாம்னுதானே சொல்லுச்சு? இருக்கலாம்! என் கிணறு மூடியிருக்கு, அது இருக்கலாம் இல்லடா. அது இருக்கு."

அக்கா சொன்னதில் தப்பும் இல்லை. துரு மண்ணை வாரி வெளியே கொட்டிவிட்டு அக்கா உள்ளே போனார். சாப்பிட்டுப் போ என்று வழக்கம்போல் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை மூடியோடு வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றார் கத்தரிக்காய். அன்று தேய்க்கவும் விடவில்லை.

திங்கள் காலை தொட்டியில் துடுப்பு சுழன்றுகொண்டிருந்தது. ஊதா அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் கறுப்பாகத் தெரிந்தது. வால்வைத் திறப்பது கத்தரிக்காயின் வேலை. அதன்மேல் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டு தடுப்பறைக்குள் போனார்.

"மேடம். சாம்பல்."

மேடத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "எங்க பழுப்பாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"என் தட்டுல. ஜன்னலத் திறந்து வெச்சேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "அத்தனை ஆழத்து மண்ணு அவ்வளவு நல்ல பிள்ளையா பழுப்பா இருக்கேன்னு எனக்கும் தோணிச்சு. கணக்கு சுலபமாச்சு, கேக்காம விட்டேன்." பிறகு எழுந்து வெளியே போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். துடுப்பு நின்றபின்னும் ஊதா கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலாளர் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. "அஸ்திவாரம் தோண்டறவனக் கூட்டியாந்து இங்க விட்டா இப்படித்தான்!" வேலையை விட்டுத் துரத்தவில்லை. மருந்துப் பக்கம் வராதே, குழாய் கழுவு என்று மாற்றினார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், புதிதாக மண்ணெடுத்துப் பார்ப்பார்கள், ஒருவேளை மருந்தே வேறாக இருக்கும் என்று வீடுகளுக்கு வந்து சொன்னார்கள். கிணறு மூடிய வீடுகளில் அவரைப் பார்த்தால் கதவைச் சாத்தினார்கள். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். முன்பு அது கிண்டலாக இருந்தது, நின்ற பிறகுதான் அதில் எவ்வளவு பிரியம் இருந்தது என்று தெரிந்தது.

அக்கா பேசுவதை விட்டுவிட்டார்.

வேலை முடிந்து தினமும் அவர் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன்களோடு அக்கா வீட்டுக்குப் போவதைப் பார்ப்பேன். அக்கா கொல்லையில் செடிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பாத்தியா மிளகாச்செடி, சில பேரு கையால கெடுப்பாங்க, அதே கையால தண்ணியும் கொண்டாருவாங்க" என்பார். அவர் கேன்களை வைத்துவிட்டு நிற்பார். மிளகாய்ச் செடியிடமிருந்து பதில் வராது. திரும்பி வருவார். ஆனால் மறுநாள் போகும்போது கேன்கள் காலியாக, வாய் கவிழ்த்து, வாசலில் காத்திருக்கும்.

விதைப்பு தாண்டிப் போயிற்று. சொல்லிவைத்த விதைகளை அக்கா வேறு பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். மகள் வந்து சாமான்களைப் பார்த்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பின்தான் மண்ணெடுக்கும் இயந்திரம் வந்தது. இந்த முறை சரிவு முழுக்க எடுக்க வேண்டும், கடைசி இடம் அக்காவின் கொல்லை. மேலாளரிடம் சண்டை போட்டு மேடம் கத்தரிக்காயையே கூட்டி வந்திருந்தார். "ஒரு தடவை கெடுத்தவருக்குத்தான் எங்க கெடும்னு தெரியும்" என்றாராம். எங்கள் தெரு வேலிக்கு வெளியே கூடி நின்றது. அக்கா கவிழ்த்த தட்டுகளுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குழாய் மேலே வந்தது. ஒளி புகும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கை நீளத்துக்குச் சாம்பல் களி. வெயில் பட்டதும் உள்ளே பொடி பொடியாக மின்னியது. நாற்றம் வேலியைத் தாண்டி எங்கள்வரை வந்தது. கத்தரிக்காய் ஒரு முனையில் மூடியை அழுத்தினார். அது உட்காரவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி அழுத்தினார். விரல்கள் நடுங்கின. மறுமுனை திறந்தே கிடந்தது. காற்று அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அக்கா தட்டுகளைத் தாண்டி வந்தார். மறுமுனையைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"மேடம், உங்க ஆளுகிட்டச் சொல்லுங்க. கை நடுங்கினா மூடி உக்காராது."

"மேடம்," என்றார் கத்தரிக்காய், குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்கக்காகிட்டச் சொல்லுங்க. கைய எடுத்துடக் கூடாது. மெழுகு வைக்கிற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும்."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றார் மேடம். ஆனால் நடுவிலிருந்து நகரவில்லை.

ஒரு முனை மூடியது. மெழுகு வைத்தார். அக்கா கையை நகர்த்திய அதே கணத்தில் மறுமுனையையும் மூடினார். பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடியபோது அக்காவும் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்து அழுத்திப் பார்த்தார். இயந்திரத்தைக் கட்டி எடுத்துப் போகும்வரை அவர் அந்தக் கையைக் கழுவவில்லை. உள்ளங்கையில் ஒட்டிய சாம்பல் ஓரங்களில் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் அதே மண்ணுதானா?"

மேடத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, மிளகாய்ச் செடியைப் பார்த்தும் கேட்கவில்லை.

"அதேதான்க்கா."

"எப்பத் திறப்பாங்க?"

அவர் மூடிய கிணற்றைப் பார்த்தார். ஈய முத்திரை வெயிலில் மங்கிக் கிடந்தது.

"தெரியலக்கா."

"ஊதா வரும்னு சொன்னியே, அன்னைக்கே தெரியலன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் அக்கா. குனிந்து, அன்றைய தண்ணீர்க் கேனைத் தானே திறந்து கையைக் கழுவினார். பிறகு மகள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் போன தட்டுகளில் ஒன்றை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.